சித்தியின் விரல்களுக்கு ஒரு கருவி

மூட்டுவலி என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் பல நோய்கள் இருக்கின்றன. மாலையில் சிட்லப்பாக்கம் ஏரிக்கரையில் நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் மூன்று பேர் முழங்காலைத் தடவிக்கொண்டேதான் உட்காருகிறோம். அது பெரும்பாலும் தேய்மானம். வயதும் எடையும் சேர்ந்து செய்கிற வேலை. என் சித்திக்கு இருப்பது அது இல்லை, முடக்குவாதம். டாக்டர்கள் ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ் என்பார்கள். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே மூட்டுகளின் உட்சவ்வைப் பகையாளி என்று நினைத்துத் தாக்குகிற நோய். இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி வரும். காலையில் எழுந்தால் விரல்கள் இளகி மடங்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வருஷங்கள் போகப் போக விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிடும்.

சித்திக்கு வயது 81. என் அம்மாவின் கடைசித் தங்கை. முப்பத்திரண்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவர். கரும்பலகையில் கயிறும் காம்பஸும் இல்லாமல் ஒரே வீச்சில் வட்டம் போடுவார். ஆரம்பமும் முடிவும் சேருகிற இடம் தெரியாது. அந்தக் கையால் இப்போது பால் பாக்கெட்டைக் கிழிக்க முடிவதில்லை. பல்லால் கிழிக்கிறார். சித்தப்பா போன பிறகு தனியாகத்தான் இருக்கிறார். வேலைக்கு வரும் பெண் காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். மற்றபடி சேலையூரிலிருந்து நான் வாரம் மூன்று நாள் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

மருந்து சரியாகத்தான் போகிறது. வாரத்துக்கு ஒரே நாள், ஞாயிற்றுக்கிழமை, மெத்தோட்ரெக்சேட். இதைப் படிப்பவர்கள் வீட்டில் யாருக்காவது இந்த மாத்திரை இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். இது வாரம் ஒரு முறை மட்டுமே. மறதியில் தினமும் போட்டுக்கொண்டு உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. சித்தி வீட்டு நாட்காட்டியில் ஞாயிறுகளைச் சிவப்பு மையால் சுழித்து வைத்திருக்கிறேன். போட்டதும் அந்தச் சுழியில் ஒரு டிக். இன்னொரு மாத்திரை ஹைட்ராக்சி குளோரோகுயின். அதற்கு வருஷம் ஒரு முறை கண் பரிசோதனை. வலி மாத்திரைதான் பிரச்சினை. சிறுநீரகப் பரிசோதனையில் கிரியாட்டினின் ஏறியதும் டாக்டர் அதை நிறுத்தச் சொல்லிவிட்டார். பாராசிட்டமால் மட்டும் போட்டுக்கொள்ளலாம். அது பகலுக்குப் போதும். ராத்திரிக்குப் போதவில்லை. இரண்டு மணிக்கு எழுந்து கையை உதறிக்கொண்டு ஹாலில் நடப்பார். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

சித்தியின் மகன், என் தம்பி முறை, கனடாவில் மிசிசாகாவில் இருக்கிறான். தினமும் வீடியோவில் அம்மாவைப் பார்ப்பான். ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. இங்க வயசானவங்க நிறைய பேர் மூட்டுவலிக்கு கஞ்சா எடுத்துக்கறாங்க. புகைக்க வேணாம். வேப்பரைசர்னு ஒரு மிஷின். சும்மா ஆவி மாதிரி இழுத்தா போதும். அம்மாவுக்கு ஒண்ணு அனுப்பலாம்னு பாக்கறேன். எது அவங்க கைக்கு ஈஸியா இருக்கும்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

நம் காதில் அந்த வார்த்தை எப்படி விழும் என்று உங்களுக்குத் தெரியும். பேப்பரில் தினமும் வருகிற வார்த்தை. ஆனால் அவன் இருக்கும் ஊரில் நிலைமை வேறு. கனடாவில் மருத்துவத்துக்கு 2001 முதலே அனுமதி. 2018 அக்டோபர் 17 முதல் பெரியவர்கள் யாரும் கடையில் வாங்கலாம். மருந்துக்கடை மாதிரி கண்ணாடிக் கதவு போட்ட கடைகள் என்றான். அவன் திருட்டுத்தனமாக எதையும் சொல்லவில்லை. தன் ஊரில் கடையில் கிடைக்கிற ஒன்றைத் தன் அம்மாவுக்கு வாங்கித் தரலாமா என்று கேட்டான். அதனால் நானும் கோபப்படாமல் முறையாகவே விசாரித்துப் பார்த்தேன்.

முதலில் அந்தக் கருவி என்ன என்று சொல்லிவிடுகிறேன். கஞ்சாவைக் கொளுத்தினால் புகை, கரி, தார் எல்லாம் வரும். கொளுத்தாமல் 180 முதல் 210 டிகிரி வரை சூடாக்கினால், எரியாமலே அதிலுள்ள சரக்கு ஆவியாக வரும். அதை இழுப்பதுதான் முறை. மூன்று வகை இருக்கிறது. ஒன்று மேஜைமேல் வைக்கும் பெரிய கருவி. ஆவியை ஒரு பிளாஸ்டிக் பலூனில் நிரப்பிக் கொடுக்கும். ஜெர்மனியில் செய்யும் வோல்கேனோ என்ற கருவி இதில் பேர்போனது. இரண்டாவது, கையில் பிடிக்கும் கருவி. உள்ளே சின்னக் குழி. தூளாக்கிய பூவை அதில் நிரப்பி, மூடி, பித்தானை அழுத்தி, சூடாகும் வரை காத்திருக்க வேண்டும். மூன்றாவது பேனா மாதிரி. எண்ணெய் நிரப்பிய குப்பியைத் திருகி மாட்டினால் போதும், சில வகைகளில் பித்தானே கிடையாது. வாயில் வைத்து இழுத்தால் தானே சூடாகும்.

விளம்பரங்களில் எல்லாமே "மிக எளிது" என்றுதான் போட்டிருக்கிறது. யாருடைய கைக்கு எளிது என்பது அதில் இல்லை. தொலைபேசித் துறையில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவன் நான். புதிய டெலிபோன் மாடல் வந்தால் வீட்டுக்காரர் கையில் கொடுத்து டயலைச் சுற்றச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவோம். அதே வழிதான் இங்கேயும். கருவி கையில் இல்லாவிட்டாலும், அது கேட்கிற வேலைகள் என்னென்ன என்று பட்டியல் போட்டு, வீட்டில் இருக்கும் சாமான்களை வைத்தே சோதித்துவிடலாம்.

கருவியின் கனம் சுமார் கால் கிலோ. ஒரு சின்ன பாட்டிலில் கால் லிட்டர் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தேன். பித்தானுக்கு ஒரு டார்ச் லைட். குழியில் தூள் நிரப்புவதற்கு ஒரு பேனா மூடியும் கொஞ்சம் ஓமமும். குப்பியைத் திருகுவதற்கு ஊசி மருந்து பாட்டில் அளவில் ஒரு மூடி. சார்ஜ் போடுவதற்கு என் செல்போன் ஒயர். கனடாவில் கஞ்சா டப்பாக்கள் குழந்தைகள் திறக்காதபடி, அழுத்திக்கொண்டே திருகும் மூடியோடுதான் வரும். அதற்கு வீட்டில் இருந்த இருமல் மருந்து பாட்டில்.

"எண்பத்தோரு வயசுல எனக்கே பரீட்சை வைக்கிறியா?" என்று சிரித்தார் சித்தி. ஆனால் டீச்சர் ஆயிற்றே. ஒரு தாள் எடுத்துப் பத்துக்கு மார்க் போடச் சொல்லி முறையாக உட்கார்ந்துவிட்டார்.

பாட்டிலை ஒரு கையால் பிடிக்க முடியவில்லை. இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே அணைத்து, வாய் வரை கொண்டுபோனார். ஐந்து மார்க். டார்ச்சின் ரப்பர் பித்தான் உள்ளே அமுங்கியிருந்தது. கட்டைவிரலால் முடியவில்லை. மேஜைமேல் வைத்து விரல் முட்டியால் அழுத்தினார். மூன்று மார்க். ஓமம் பாதிக்கு மேல் மேஜையில் சிந்தியது. பூஜ்யம் என்று அவரே போட்டுக்கொண்டார். மூடியைத் திருகவே முடியவில்லை. செல்போன் ஒயரை நாலாவது தடவையில் சொருகினார், நெற்றியில் வியர்வை. இருமல் மருந்து பாட்டிலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது குழந்தைங்க திறக்கக் கூடாதுன்னு செஞ்சதில்ல, கிழவிங்க திறக்கக் கூடாதுன்னு செஞ்சது" என்றார்.

ஆக, கைக்கு எது எளிது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. வேறொருவர் நிரப்பிக் கொடுத்தால், பித்தான் இல்லாத பேனா வகை. அல்லது மேஜைமேல் வைக்கும் பலூன் வகை. அதிலும் தூளை முன்கூட்டியே சின்னக் குமிழ்களில் நிரப்பி வைத்துக்கொள்ளலாம். சித்தி பலூனைப் பிடித்து மூச்சு இழுத்தால் போதும். மார்க் பட்டியலை அப்படியே தம்பிக்கு அனுப்பினேன். ஆனால் கூடவே இன்னும் சில விஷயங்களையும் எழுத வேண்டியிருந்தது.

பேனா வகையில் ஒரு சங்கடம். கைக்கு எளிது அதுதான், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது கடினமும் அதில்தான். 2019-ல் அமெரிக்காவில் இப்படி எண்ணெய்க் குப்பிகளை இழுத்த இளைஞர்கள் நுரையீரல் வெந்துபோய் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர், அதில் 68 சாவு. எண்ணெயைக் கெட்டியாக்க வைட்டமின் ஈ அசிடேட் என்ற பொருளைக் கலந்ததுதான் முக்கியக் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். பெரும்பாலும் கள்ளச் சந்தைச் சரக்கு. கனடாக் கடைச் சரக்கு அப்படி இல்லை என்று தம்பி சொல்வான், சரிதான். ஆனால் கொண்டுவந்த குப்பி தீர்ந்த பிறகு தாம்பரத்தில் அதை யார் நிரப்பிக் கொடுப்பது?

அடுத்தது சட்டம். இங்கே இரண்டு சுவர்கள். முதல் சுவர் 1985-ஆம் வருஷத்துப் போதைப் பொருள் தடுப்புச் சட்டம். அதன்படி கஞ்சா என்பது செடியின் பூக்கும், காய்க்கும் நுனிகள். விதையும், நுனி சேராத இலையும் அந்த விளக்கத்தில் வராது. அதனால்தான் ராஜஸ்தானில் அரசு உரிமத்தோடு பாங்குக் கடை நடக்கிறது. ஆனால் பிசினும் பிசினிலிருந்து எடுக்கும் எண்ணெயும் சரஸ் என்ற வகையில் வந்துவிடும். பேனாவில் இருப்பது அதுதான். சின்ன அளவு என்றாலும் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்தால், அம்மாவின் கை வலிக்கு என்று சொல்லி வெளியே வர முடியாது. கனடாவிலும் எல்லை தாண்டி எடுத்துப் போவது குற்றம்தான்.

சரி, வெறும் கருவியை மட்டும் அனுப்பினால்? அங்கேதான் இரண்டாவது சுவர். 2019-ல் மின்னணு சிகரெட் தடைச் சட்டம் வந்தது. அதில் மின்னணு சிகரெட் என்றால் என்ன என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். நிக்கோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு பொருளைச் சூடாக்கி மூச்சில் இழுக்கும்படி ஆவியாக்கும் மின் கருவி. மருந்து உரிமம் பெற்ற பொருளுக்கு மட்டும் விலக்கு. இறக்குமதி செய்தால் முதல் தடவை ஒரு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பள்ளிப் பிள்ளைகள் சிகரெட் பழகக் கூடாது என்று போட்ட சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் அதன் வாசகம் ஒரு கிழவியின் மேஜைமேல் இருக்கும் பலூன் கருவியையும் சேர்த்தே பிடித்துவிடுகிறது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. நம் நாட்டில் இந்தச் செடி மருந்தாக முற்றிலும் தடை செய்யப்படவில்லை. ஆயுர்வேதத்தில் விஜயா என்று பெயர். இலையை வைத்து உரிமம் பெற்றுச் செய்த மருந்துகள், வைத்தியர் சீட்டோடு விற்பனையில் இருக்கின்றன. சித்த மருத்துவத்திலும் கஞ்சாவுக்கு இடம் உண்டு. ஆனால் அரசின் மருந்து விதிகளில் எட்டி, சேராங்கொட்டை, நேர்வாளம் இவற்றோடு சேர்த்து நச்சுச் சரக்குகளின் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். வைத்தியர் மேற்பார்வையில் மட்டுமே எடுக்க வேண்டும் என்று டப்பாவில் எச்சரிக்கை போட வேண்டும்.

நமக்கு சித்த மருத்துவம் தூரமில்லை. 2005-ல் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்த தேசிய சித்த மருத்துவ நிறுவனம் சானடோரியத்திலேயே இருக்கிறது. காலை மின்சார ரயிலில் இறங்குகிற கூட்டத்தில் பாதி அங்கேதான் போகிறதோ என்று தோன்றும். எனக்குத் தெரிந்த ஒரு ஓய்வுபெற்ற சித்த வைத்தியரிடம் கேட்டேன். அவர் சொன்னது: "கஞ்சாவை நாங்க தனிச் சரக்கா கொடுக்கறதில்லை. சுத்தி செஞ்சு, மத்த சரக்கோட சேர்ந்த மருந்துலதான். அதுவும் ஆளைப் பார்த்து. எண்பது வயசு, கிட்னி பலவீனம், வாரா வாரம் இங்கிலீஷ் மாத்திரை. நான் இதைத் தொட மாட்டேன். கைக்குத் தைலம் போட்டு ஒத்தடம் கொடுங்க, அது போதும்." தெரியாது என்றோ முடியாது என்றோ சொல்லத் தயங்காத வைத்தியர் கிடைப்பது பெரிய விஷயம்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது எங்கள் துறைக் கதை. மேல்நாட்டு மருத்துவம் கஞ்சாவைக் கற்றுக்கொண்டதே இந்தியாவிலிருந்துதான். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வில்லியம் ஓஷாக்னெஸ்ஸி என்று ஓர் ஐரிஷ்காரர் பேராசிரியர். 1839-ல் கஞ்சாப் பிசினை முதலில் மிருகங்களுக்கும், பிறகு நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்து எழுதி வைத்தார். அந்த நோயாளிகளில் சிலர் மூட்டுவாதக்காரர்கள். வலி குறைந்தது. ஆனால் ஒருவருக்கு, கையைத் தூக்கி எந்த நிலையில் வைத்தாலும் அப்படியே நிற்கும் விறைப்பு வந்து எல்லோரையும் பயமுறுத்திவிட்டது. அளவைக் குறைக்க வேண்டும் என்று அவரே எழுதினார். அதே மனிதர்தான் 1851-ல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே தந்திக் கம்பி போட்டு, பிறகு சென்னை, பம்பாய், ஆக்ரா வரை இழுத்தவர். இந்தியத் தந்தித் துறையின் முதல் தலைவர். 2013 ஜூலையில் கடைசித் தந்தி போனபோது நாங்கள் பழைய ஆட்கள் சேர்ந்து அவரை நினைத்துக்கொண்டோம். கஞ்சாவுக்கும் அவர்தான் முன்னோடி என்பது அன்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அவருக்குப் பிறகு 180 வருஷத்துக்கும் மேல் ஆகிவிட்டது. இப்போது என்ன சொல்கிறார்கள்? முடக்குவாதத்துக்கென்றே நடந்த ஆராய்ச்சி மிகக் குறைவு. 2006-ல் இங்கிலாந்தில் 58 நோயாளிகளைக் கொண்ட ஐந்து வார ஆய்வு ஒன்றில் கஞ்சாச் சாற்றை வாயில் ஸ்ப்ரேயாகக் கொடுத்துப் பார்த்தார்கள். வலியும் தூக்கமும் ஓரளவு முன்னேறின. காலை விறைப்பு குறையவில்லை. கனடாவின் முடக்குவாத டாக்டர்கள் சங்கமே 2019-ல் வெளியிட்ட கருத்தில், இது வழக்கமான சிகிச்சைக்கு மாற்று இல்லை, ஆதாரம் போதாது என்றுதான் சொன்னது. கடை திறந்த நாட்டு டாக்டர்கள் அவர்கள். வலியை உணரும் விதத்தை மாற்றலாம், மூட்டு அரிப்பை நிறுத்தாது. வயதானவர்களுக்குத் தலைசுற்றல், ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவது, குழப்பம் எல்லாம் வரலாம். ராத்திரி இரண்டு மணிக்குத் தனியாக எழுந்து நடக்கிற ஒருவர் தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், கை வலி என்பது மறந்தே போகும்.

இவ்வளவையும் நான் சித்தியிடம் மறைக்கவில்லை. அவர் உடம்பு, அவர் முடிவு. மகன் அனுப்ப நினைப்பது என்ன, ஏன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கஞ்சா என்றதும் அதிர்ச்சி அடைவார் என்று நினைத்திருந்தேன். அப்படி எதுவும் இல்லை. "எங்க பாட்டி வயித்துப்போக்குக்கு அபினே கொடுப்பா" என்றார் சாதாரணமாக. அவர் யோசித்தது வேறு ஒன்றை.

சித்திக்கு 22 வயதில் காசநோய் வந்தது. 1966-ல் தாம்பரம் சானடோரியத்தில் ஆறு மாதம் படுத்திருந்தார். டாக்டர் சௌரிமுத்து 1928-ல் ஆரம்பித்து, பிறகு அரசு எடுத்துக்கொண்ட அதே ஆஸ்பத்திரி. இன்றைக்கு ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர். அப்போது சுற்றிலும் மரம், காற்று. வலது நுரையீரலின் மேல் பாகத்தில் அந்தத் தழும்பு இன்றும் எக்ஸ்ரேயில் தெரியும்.

"மூச்சை மீட்டுக்கறதுக்கு ஆறு மாசம் மரத்தடியில படுத்துக் கிடந்த உடம்புடா இது. கை வலிக்குதுன்னு அந்த மூச்சுக்குள்ள சூட்டைப் புகுத்தணுமா? வேணாம். அவன்கிட்ட நானே சொல்றேன்."

அன்று ராத்திரி வீடியோவில் அவரே சொன்னார். தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என்னிடம் தனியாக, "அண்ணா, ராத்திரி ரெண்டு மணிக்கு அவங்க நடக்கறப்ப எனக்கு இங்க மத்தியானம். ஆபீஸ்ல உக்காந்திருப்பேன். வேற என்னதான் நான் செய்யட்டும்?" என்றான். குரல் உடைந்துவிட்டது. அவன் கேட்டது உண்மையில் ஒரு மிஷினைப் பற்றி அல்ல என்று எனக்கு அப்போது புரிந்தது. பதின்மூன்றாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ள ஒரு வழி தேடினான்.

நான் இரண்டு வேலைகள் சொன்னேன். ஒன்று எனக்கு, ஒன்று அவனுக்கு.

எனக்கானது டாக்டர். சித்தி ராத்திரி வலியைப் பற்றி டாக்டரிடம் சொல்லியதே இல்லை. "வெளியில அம்பது பேர் காத்திருக்காங்க, அவரை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்" என்பார். இந்தத் தடவை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனோம். எத்தனை மணிக்கு விழிப்பு, எந்த விரல், எப்படிப்பட்ட வலி. கட்டைவிரலிலிருந்து மோதிர விரல் வரை மட்டும் எரிச்சலும் மதமதப்பும், உதறினால் குறைகிறது, சுண்டுவிரலில் இல்லை என்று படித்ததும் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மணிக்கட்டில் வீங்கிய சவ்வு ஒரு நரம்பை அழுத்துகிறது, முடக்குவாதக்காரர்களுக்கு இது வருவதுண்டு என்றார். ராத்திரியில் மணிக்கட்டு மடங்காதபடி ஒரு பட்டை, மூன்று வாரம் கழித்து மணிக்கட்டில் ஒரு ஊசி. பிசியோதெரபியில் மெழுகு ஒத்தடம். வலியைத் தூங்க வைத்திருந்தால் இது தெரிந்தே இருக்காது.

தம்பிக்கானது மார்க் பட்டியல். டார்ச்சும் பாட்டிலும் வைத்துப் போட்ட அதே பரீட்சையை, சித்தி ஒரு நாளில் தொடுகிற எல்லாச் சாமான்களுக்கும் வைத்தோம். எது பூஜ்யம், எது மூன்று என்று இரண்டு நாள் எழுதினோம். டிசம்பரில் அவன் வந்தபோது தாம்பரம் மார்க்கெட்டுக்கும் குரோம்பேட்டைக்கும் அலைந்து ஒவ்வொன்றாக மாற்றினான். உருண்டைக் குழாய்கள் ஆறும் போய், முழங்கையாலேயே திருப்பும் நீளக் கைப்பிடிக் குழாய்கள். கதவுக் குமிழ் போய்க் கைப்பிடி. கரண்டி, கத்தி, பேனா எல்லாவற்றின் பிடியிலும் குளிர்சாதனக் குழாய்க்குச் சுற்றும் கறுப்பு ஸ்பாஞ்ச். மீட்டர் முப்பது, நாற்பது ரூபாய்க்குள். எவர்சில்வர் டம்ளர் போய் இரண்டு காது வைத்த கப். ரவிக்கைக் கொக்கிகளை எடுத்துவிட்டு ஒட்டுப்பட்டை. மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்குவதுதான் தினமும் பெரிய போராட்டம். இப்போது நான் ஞாயிறன்று போகும்போது வாரத்துக்கு உண்டானதைப் பிரித்து, இழுத்துத் திறக்கும் டப்பாவில் போட்டுவிடுகிறேன். பால் பாக்கெட்டுக்கு மேஜையோடு திருகி வைத்த ஒரு சின்ன பிளேடு. அழுத்தினால் கிழியும், விரல் உள்ளே போகாது. இது தம்பியே யோசித்துச் செய்தது. மூன்று வாரம் திருப்புளியும் கையுமாகத்தான் இருந்தான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். முடக்குவாதம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. முன்பு ராத்திரியில் இரண்டு மணி நேரம் தூங்கியவர் இப்போது நாலரை, ஐந்து மணி நேரம் தூங்குகிறார். மழைக்காலத்தில் அதுவும் குறைகிறது.

சட்டத்தைப் பற்றி என் மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். சித்திக்கு அந்த நுரையீரல் தழும்பு இல்லாமல், அவர் மிசிசாகாவில் மகனோடு இருந்து, டாக்டரும் சம்மதித்திருந்தால், அந்த பலூன் கருவியை நானே தேர்ந்தெடுத்துக் கொடுத்திருப்பேன். அங்கே மருந்து, இங்கே குற்றம் என்பது வலிக்குத் தெரியாது. புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் கிடைப்பதே நம் நாட்டில் இந்தப் போதைப் பொருள் சட்டத்தால் பல வருஷம் குதிரைக் கொம்பாக இருந்தது. 2014-ல் திருத்தம் வந்துதான் வழி கொஞ்சம் திறந்தது. அதே மாதிரி இதையும் ஒரு நாள் ஆராய்ந்து, டாக்டர் கையில் மருந்தாகக் கொடுக்கலாமா என்று பார்க்கத்தான் வேண்டும். ஆனால் பார்க்கும் வரை இருக்கிற சட்டம்தான் சட்டம்.

பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே யாராவது வலிக்கு என்று மிட்டாயாகவோ எண்ணெயாகவோ கொடுத்தால், நாம் சாப்பிடும் மாத்திரைகளைச் சொல்லி டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். மிச்சம் இருக்கிறதே என்று பெட்டியில் போட்டுக்கொண்டு வராதீர்கள். தாய்லாந்து 2022-ல் தளர்த்தி, 2025-ல் மருத்துவச் சீட்டு வேண்டும் என்று மறுபடி இறுக்கியது. ஊருக்கு ஊர், வருஷத்துக்கு வருஷம் மாறுகிற விஷயம் இது. அதே மாதிரி, மூன்று நாளில் மூட்டுவலி போகும் என்று லேபிள் இல்லாத பொட்டலத்தை நீட்டுகிறவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் வலி போவது போலத்தான் இருக்கும். எலும்பும் சர்க்கரையும் பிறகு கணக்குக் கேட்கும்.

உங்கள் வீட்டில் கை முடங்கிய பெரியவர் இருந்தால், எந்தக் கருவியை வாங்குவதற்கு முன்பும் ஒரு காலை முழுவதும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கை என்னென்ன தொடுகிறது, எங்கே தயங்குகிறது என்று பாருங்கள். உதவி செய்யாமல் வெறுமனே பாருங்கள். ஒரு தாளில் அவரையே மார்க் போடச் சொல்லுங்கள். எதை மாற்ற வேண்டும் என்று அந்தத் தாளே சொல்லிவிடும்.